எடையைத் திருப்பிக் கொடுத்தல்

தொட்டியின் கண்ணாடியில், வெளிப்பக்கமாக, மார்க்கர் பேனாவால் கோடுகள் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு நிறம். கோட்டின் ஓரத்தில் தேதி மட்டும் இருக்கும். அந்த நாய் அன்றைக்கு எவ்வளவு தண்ணீரில் நடந்தது என்பதற்கு அதுதான் கணக்கு. முதல்முறை வருகிறவர்கள் ஏதோ குழந்தை கிறுக்கியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

தொட்டியின் அடியில் ஓடும் பட்டை. நாய் அதன்மேல் நின்றதும் கதவைச் சாத்தி, பக்கத்துத் தொட்டியிலிருந்து தண்ணீரை ஏற்றுவோம். பின்னங்காலின் கணு வரை தண்ணீர் வந்தால், தரையில் அழுந்தும் எடை 91 சதவீதம். முழங்கால் மூட்டு வரை வந்தால் 85. இடுப்பு மூட்டைத் தொட்டால் 38. அமெரிக்காவில் டேவிட் லெவினும் அவருடைய கூட்டாளிகளும் நாய்களைத் தண்ணீரில் நிறுத்தி அளந்து 2010இல் வெளியிட்ட கணக்கு இது. கணுவிலிருந்து முழங்கால் வரை ஏறும்போது பெரிதாக எதுவும் நடப்பதில்லை. நனைவது நான்கு மெலிந்த கால்கள்தான். வயிறும் நெஞ்சும் முங்குகிற இடத்தில்தான் பாதிக்கு மேல் எடை காணாமல் போகிறது. இதைப் படித்த பிறகு தண்ணீர் ஏறும்போது நான் கால்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அடிவயிற்று ரோமம் மிதக்கத் தொடங்கும் நொடியைத்தான் பார்க்கிறேன்.

தண்ணீர் எடையைத் தாங்குகிறது, அதனால் நொண்டி நாயும் நடக்கிறது. இதை எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் நாய் போய்ச் சேரவேண்டிய இடம் வீட்டுக் கூடம். அங்கே நூற்றுக்கு நூறு எடையும் அதற்காகக் காத்திருக்கிறது. எடையை வாங்கி வைத்துக்கொள்வது தண்ணீரின் வேலை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பது என் வேலை. ஒரு நிறத்தின் கோடுகள் வாரத்துக்கு வாரம் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் அந்த நாய் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மேலே ஏறும் நிறமும் ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

*

காலையில் முதல் வேலை தண்ணீரைப் பார்ப்பது. வெப்பமானி, குளோரின் சோதனை, வடிகட்டியில் சிக்கிய முடி. ஒரு லாப்ரடார் ஒரே நாளில் உதிர்க்கும் முடியைக் கையில் அள்ளிப் பார்த்தால்தான் நம்பமுடியும்.

தண்ணீர் 30 டிகிரியை ஒட்டி இருக்கவேண்டும். குளிர்நாடுகளில் ஹீட்டருக்கே பெரும் பணம் போகும். சென்னையில் சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் அதைத் தாண்டியே வரும்; இரவெல்லாம் ஆறவிட்டால்தான் காலையில் நாயை இறக்கலாம். மார்கழியில் மட்டும் கொஞ்சம் சூடேற்றுவோம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் சிறிது. மற்றபடி நாக்கும் மூச்சும்தான் வழி. வெதுவெதுப்பான நீரில் உழைக்கும் உடம்பு உள்ளே சூடாகிக்கொண்டே போகும். அதனால் கண் எப்போதும் நாக்கின் மேல். நாக்கின் நுனி அகன்று விரிந்து தொங்க ஆரம்பித்தால், நாய் எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும் பட்டையை நிறுத்திவிடவேண்டும். களைப்பை அது ஒத்துக்கொள்ளாது. உருண்டை பிஸ்கட் ஒன்றைக் காட்டினால் விழுகிறவரை நடக்கும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வற்றிப்போயின. நான் அப்போது இந்த வேலைக்கு வரவில்லை. வந்திருந்தால், லாரிக்காகத் தெருமுனையில் பிளாஸ்டிக் குடங்களை வரிசை வைத்துவிட்டு நின்றவர்களைக் கடந்து வந்து, ஒரு நாய் நடப்பதற்காகத் தொட்டியை நிரப்பியிருப்பேனா? ஒரே தண்ணீரைத்தான் வடிகட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம் என்று பதில் சொல்லலாம். பாதிப் பதில்தான். பாக்கிப் பாதி என்னிடம் இல்லை. வடிகட்டியைக் கழுவும்போது வீணாகும் தண்ணீரை வாசலில் உள்ள வேப்பமரத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறோம். மரம் தழைத்திருக்கிறது.

*

மனிதர்களுக்கான இயன்முறை மருத்துவம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள் நான். அங்கே முதல் கேள்வி, "எங்கே வலிக்குது?" இங்கே அந்தக் கேள்வியை என் கைதான் கேட்கவேண்டும், பதிலையும் அதுவேதான் வாங்கவேண்டும்.

கால்நடை மருத்துவரின் கடிதம் இல்லாமல் எந்த நாயையும் தொடுவதில்லை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி நோயைக் கண்டறிவதும் சிகிச்சையை முடிவுசெய்வதும் பதிவுபெற்ற கால்நடை மருத்துவரின் பொறுப்பு. "டாக்டர் கிட்ட போகாம நேரா உங்ககிட்ட வந்துட்டோம், யூடியூப்ல பாத்தோம்" என்று வருபவர்களைத் திருப்பி அனுப்பும்போது சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பின்னங்கால் இழுபடுகிற நாய்க்கு முதுகில் கட்டி இருக்கலாம். டிஸ்க் நழுவியிருக்கலாம். ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே நடக்கும்.

கடிதத்தைப் படித்தபின் நாயைப் பார்ப்பேன். உடனே தொடமாட்டேன். அது அறைக்குள் வரும் விதம், உட்காரும்போது எந்தப் பக்கம் சாய்கிறது, எழும்போது எந்தக் காலை முதலில் ஊன்றுகிறது. நல்ல நாய் நிற்கும்போது எடையில் 60 பங்கு முன்னங்கால்களிலும் 40 பங்கு பின்னங்கால்களிலும் இருக்கும். பின்னால் வலி வந்தால் நாய் யாருக்கும் சொல்லாமல் எடையை முன்னால் தள்ளிக்கொள்ளும். கழுத்து கொஞ்சம் தாழும். தோள் தடித்துப்போகும். மாதக்கணக்கில் இப்படி ஓட்டிவிட்டு, ஒருநாள் முன்னங்கால் நொண்டுகிறது என்று கூட்டிவருவார்கள். அவர்கள் காட்டுவது முன்னங்காலை. இஞ்ச் டேப்பைச் சுற்றிப் பார்த்தால் இரண்டு தொடைகளில் ஒன்று மெலிந்திருக்கும்.

பிறகுதான் கை. முதலில் தோளில், வலி இல்லாத இடத்தில். கை அங்கேயே ஒரு நிமிடம் இருக்கவேண்டும். பிறகு முதுகெலும்பை ஒட்டி மெல்லப் பின்னோக்கி. ஓரிடத்தில் தோல் துடிக்கும். இல்லையென்றால் நாய் உதட்டை நக்கும், கொட்டாவி விடும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும், கண்ணின் வெள்ளை ஓரம் தெரியும். உறுமல் வருவது இதற்கெல்லாம் பிறகு, நாம் எதையுமே கவனிக்கவில்லை என்று அது முடிவுசெய்த பிறகு. வால் ஆடுகிறதே என்று சமாதானம் சொல்வார்கள் கூட வந்தவர்கள். வால் ஆடிக்கொண்டே கடித்த நாய்கள் உண்டு.

*

குட்டி என்று பெயர், ஆறு வயது, டாக்ஸ்ஹுண்ட். சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் இந்த இனம் நிறைய. சின்ன வீட்டுக்குச் சின்ன நாய் என்ற கணக்கு. ஜெர்மனியில் வளைக்கரடியின் பின்னாலேயே அதன் வளைக்குள் நுழைவதற்காக வளர்த்தெடுத்த உடம்பு இது. சோபாவிலிருந்து நாளுக்கு இருபது தடவை குதிப்பதற்காக உண்டானது அல்ல.

முதுகெலும்புக் கணுக்களின் நடுவே இருக்கும் டிஸ்கின் உட்பகுதி இளநுங்கைப் போல இருக்கவேண்டும். இந்த இனத்தில் அது ஒரு வயதைத் தாண்டுவதற்குள்ளேயே முற்றிய நுங்காகத் தொடங்கிவிடுகிறது. கெட்டிப்பட்ட பொருள் ஒருநாள் உறையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து தண்டுவடத்தில் மோதும். ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்சன் 1952இல் இதை விரிவாக எழுதினார். இன்றைக்கும் இந்த வகைக்கு அவர் பெயர்தான். காலைக் குட்டையாக்குகிற மரபணுவின் இன்னொரு பிரதிதான் டிஸ்கையும் சீக்கிரம் கிழடாக்குகிறது என்று 2017இல் தெரியவந்தது. எந்தக் குட்டைக்காலைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறோமோ, அந்த அழகின் கூடவே அந்த முதுகும் வருகிறது. வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

குட்டி காலையில் குரைத்தானாம், மதியம் எழுந்திருக்கவில்லையாம். பின்னங்கால் விரல் எலும்பைக் கிடுக்கியால் அழுத்தினால் திரும்பிப் பார்த்தான் என்று டாக்டரின் கடிதத்தில் இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் எல்லோரும் கடிதத்தைத் திறப்பது. ஆழத்து வலி தெரிகிற நாய்களில் பெரும்பாலானவை அறுவைக்குப் பிறகு நடந்துவிடுகின்றன. தெரியாதவற்றில் ஏறக்குறைய பாதிக்குத்தான் அந்த வாய்ப்பு. வலி இருக்கிறதே என்று நிம்மதிப் பெருமூச்சு விடும் இடம் உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா, தெரியவில்லை.

தையல் காய்ந்தபின் குட்டி வந்தான். தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் சிறுநீர்ப்பையை அழுத்திக் காலி செய்யவேண்டும். தானாகப் போக இன்னும் வராது. அந்த வீட்டு அம்மா அதைப் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து நாளில் அவரே செய்தார், தொலைபேசியில் மகளோடு பேசிக்கொண்டே.

முதல் கோடு இடுப்புக்கும் மேலே. என்னோடு வேலை செய்யும் அண்ணன் தொட்டிக்குள் இறங்கி, குட்டியின் பின்னங்கால்களைப் பிடித்து ஒன்று மாற்றி ஒன்றாகப் பட்டையில் வைப்பார். பாதம் மடங்கி மேற்புறம் தரையில் பட்டால் எடுத்துச் சரியாக வைப்பார். திரும்ப மடங்கும். திரும்ப வைப்பார். வேறு எதுவும் நடக்காத வாரங்கள் அவை. இந்த வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வாரங்களை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். நானும் இப்போது அதைத்தான் செய்தேன்.

*

நீந்தும் நாயின் வீடியோவை அனுப்பி, "இப்படிச் செய்யலாமா மேடம்?" என்று கேட்பவர்கள் அதிகம். நீலக் குளம், ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், இசை.

நீந்துவதில் நல்லது உண்டு. மூட்டு நன்றாக மடங்கும், இதயத்துக்கும் வேலை. ஆனால் நாய் பெரும்பாலும் முன்னங்கால்களால்தான் நீந்துகிறது. பின்னங்கால் பலவீனமான நாய் குளத்தில் முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு போய்விடும். பின்னவை சும்மா மிதந்து வரும். பார்க்க அழகாக இருக்கும். எதற்காக இறக்கினோமோ அந்தக் கால் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். மடங்கிய கால் முழுதாக நீள்வதும் நீச்சலில் குறைவு. தரையை உதைத்தால்தான் அது வரும். அதனால்தான் பட்டை, அதனால்தான் கோடுகள்.

முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கும்போது இன்னொன்று நடக்கிறது. தண்ணீரில் இழுத்து நடக்கப் பிடிக்காமல் நாய் ஒவ்வொரு காலையும் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்கும். சேற்றில் நாற்று நடப்போகிறவர்களின் நடை. எடையைத் தாங்குவதற்கு அந்த ஆழம் உதவாது; காலைத் தூக்கச் சொல்லித்தர உதவும்.

ரப்பர் பந்தை வாயால் பிடிக்கும் நாய்களுக்குப் பந்தைக் குளத்தில் தரக்கூடாது, கூடவே தண்ணீரையும் விழுங்கும். ஒரு மணி நேரம் பந்து விளையாடி, குடித்த தண்ணீரால் ரத்தத்தில் உப்பு குறைந்து இறந்துபோன நாய்கள் உண்டு. தட்டையான பொம்மை பரவாயில்லை.

*

தரை.

இந்த ஊரில் நாய்களின் மூட்டுகளைக் கெடுப்பதில் தரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தக் காலத்துச் சிவப்பு சிமெண்டு, மண் முற்றம், கருங்கல் இதிலெல்லாம் பாதம் பிடிக்கும். இப்போது எல்லா வீட்டிலும் கண்ணாடியாகப் பளபளக்கும் டைல்ஸ். காலிங் பெல் அடித்ததும் நாய் பாய்கிறது, பின்னங்கால்கள் இரண்டும் பக்கத்துக்கொன்றாக விலகுகின்றன. இது தினமும் நடக்கிறது. யாரும் அதை விபத்தாகக் கணக்கில் வைப்பதில்லை.

தண்ணீரில் அரைமணி நேரம் உழைத்துச் சேர்த்ததை இந்தத் தரை ஒரே வழுக்கலில் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே நான் முதலில் கேட்பது வீட்டின் வீடியோவை. வாசலிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை, தட்டிலிருந்து படுக்கை வரை ரப்பர் பாய் போடச் சொல்வேன். யோகா பாய் போதும். கோரைப்பாய் கூடாது, அது டைல்ஸின் மேல் நாயோடு சேர்ந்து ஓடும். பாதத்தின் விரலிடுக்கு முடியைக் கத்தரிக்கவேண்டும். நகத்தையும். "இவ்வளவுதானா?" என்று ஏமாந்த முகத்தோடு கேட்பார்கள். பணம் செலவாகும் ஏதாவது ஒன்றைச் சொன்னால் நம்பிக்கை வந்திருக்கும்.

*

லட்டு ஒரு லாப்ரடார், 44 கிலோ. இருக்கவேண்டியது 30, 32. இடுப்புக் கிண்ணம் ஆழமில்லாமல் பிறந்த நாய். அதன் எலும்புகள் செய்த பிழை பாதி, சமையலறை செய்தது பாதி.

வீட்டுப் பாட்டிதான் ஊட்டுகிறவர். காலையில் இரண்டு இட்லி, பதினோரு மணிக்கு மேரி பிஸ்கட், மதியம் தயிர்சாதம், இதற்கெல்லாம் மேலே நாய்த் தீவனம். "பாத்துக்கிட்டே நிக்குது கண்ணு, எனக்கு எப்படித் தொண்டையில எறங்கும்?" என்றார். வாதாட முடியாத நியாயம்.

48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. கூடப்பிறந்த குட்டிகளை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒன்றைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவற்றின் ஆயுள் இடைநிலைக் கணக்கில் 13 ஆண்டு. மற்றவற்றுக்கு 11.2. மூட்டு வாதத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் குறைவாகத் தின்றவற்றுக்குத் தள்ளித்தான். நம் கையில் இருக்கும் எந்தக் கருவியும், எந்தத் தொட்டியும் ஒரு நாய்க்கு ஏறக்குறைய இரண்டு வருடம் தருவதில்லை.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார். "அப்ப அந்த ரெண்டு வருஷம் முழுக்கவும் அது பசியோட என்னைப் பாத்துக்கிட்டே நிக்குமே" என்றார்.

இட்லியைத் தூக்கிவிட்டுச் சுரைக்காயும் பீன்ஸும் வேகவைத்துத் தரலாம் என்று ஒப்பந்தமானது. கொடுப்பது நிற்கவில்லை. அதுதான் முக்கியம், நாய்க்கல்ல, பாட்டிக்கு.

*

டைகர், ஜெர்மன் ஷெப்பர்ட், பத்து வயது. அவனைக் கூட்டிவரும் சார் ஓய்வுபெற்றவர். வரும்போதே வாசல் சிமெண்டில் நகம் உரசும் சத்தம் கேட்கும். பின்னங்கால் நடுவிரல்களின் நகம் மட்டும் தேய்ந்து மழுங்கியிருக்கும். பாதத்தை மடக்கி வைத்தால் அப்படியே நிற்பான், திருப்பிக்கொள்ளத் தோன்றாது. கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி தலைக்கு வந்து சேரவில்லை. வலி கிடையாது. தண்டுவடத்தின் நரம்பிழைகள் மெல்ல மெல்ல அழியும் நோய் இது. இதன் பின்னால் இருக்கும் மரபணுக் கோளாறை 2009இல் கண்டுபிடித்தார்கள். மனிதர்களுக்கு வரும் ஏ.எல்.எஸ். நோயின் ஒரு வகையிலும் அதே மரபணுதான் கெடுகிறது. குணமாக்கும் மருந்து இல்லை.

உடற்பயிற்சிக்குப் பலன் உண்டா என்று 22 நாய்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு 2006இல் வெளிவந்தது. தீவிரப் பயிற்சி பெற்றவை சராசரியாக 255 நாள் இருந்தன. மிதமான பயிற்சி பெற்றவை 130. எதுவும் செய்யாதவை 55. இந்த நோயைப் பற்றி எந்த வீட்டில் பேசினாலும் இந்த மூன்று எண்களையும் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லும்போதே, பயிற்சிக்குத் தினமும் கூட்டிவர முடிந்தவர்கள் மற்ற எல்லாவற்றையும்கூடக் கவனமாகச் செய்திருப்பார்கள் அல்லவா, அதில் எவ்வளவு பயிற்சியினால் என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடும். சத்தமாகச் சொல்வதில்லை.

டைகரின் நிறம் பச்சை. முதல் கோடு முழங்காலை ஒட்டி. அடுத்தடுத்த கோடுகள் மேலே.

சார் எதையும் கேட்காத மனிதர். ஒருநாள் கண்ணாடியின் முன்னால் நின்று, "ஏம்மா, அந்தச் செவப்புக் கோடு கீழே வருது, எங்களது மேல போகுதே" என்றார்.

சிவப்பு குட்டியுடையது. ஒரே கண்ணாடியில், ஒரே தண்ணீரில், ஒருவனுக்கு எடையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், இன்னொருவனிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் பெயர் சிகிச்சைதான். பட்டையின் வேகம்கூட ஏறக்குறைய ஒன்றுதான்.

"அவன் நடக்கறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு தண்ணி சார்" என்றேன்.

தலையசைத்தார். புரிந்துகொண்டார் என்பது, அடுத்தமுறை வந்தபோது கோடுகளைப் பார்க்காமல் நேராக நாயின் முகத்துக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டதில் தெரிந்தது. டைகர் தண்ணீருக்குள் அவரை நோக்கி நடந்துகொண்டே இருந்தான். பட்டை ஓடுவதால் போய்ச் சேரவில்லை. அதைப் பற்றி அவனுக்குப் புகார் இருந்ததாகவும் தெரியவில்லை.

*

தீபாவளிக்கு மறுநாளிலிருந்து ஒரு வாரம் தொலைபேசி ஓயாது. வெடிக்குப் பயந்து கேட்டைத் தாண்டி ஓடி, வண்டியில் அடிபட்டவை. அவை எங்களிடம் வந்து சேர்வது கார்த்திகைக்குப் பிறகுதான், எலும்பு கூடிய பின்னால். வருடாவருடம் இப்படி ஒரு பருவம்.

*

கருப்பி தெருநாய். அடிபட்ட இடத்திலிருந்து ஒரு தேநீர்க்கடைக்காரர் தூக்கிவந்து வளர்க்கிறார். அவளுக்கு விரல் எலும்பை அழுத்தினாலும் எதுவும் தெரியாது. தண்டுவடம் அறுந்ததற்குச் சமம். சக்கரவண்டிதான் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். வண்டியும் வந்தது, பி.வி.சி. குழாயில் உள்ளூரிலேயே செய்தது.

ஆனால் தண்ணீரில் வைத்தால் கால்கள் எட்டுவைத்தன.

இது அதிசயம் இல்லை என்பதுதான் இதில் உள்ள அதிசயம். நடையின் தாளம் மூளையில் மட்டும் இல்லை, தண்டுவடத்திலேயே இருக்கிறது என்று தாமஸ் கிரஹாம் பிரவுன் 1911இல் பூனைகளை வைத்துக் காட்டினார். (ஆல்ப்ஸ் மலையில் புதுப்பாதைகளில் ஏறியவர் இவர். மலையேறும்போது தன் கால்களைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வார் என்று தெரிந்துகொள்ள ஆசை.) இத்தாலியில் இதே நிலையில் இருந்த 81 நாய்களுக்குத் தீவிரப் பயிற்சி கொடுத்ததில் 48 நாய்கள் இப்படி நடக்கக் கற்றன என்று 2017இல் எழுதினார்கள். வயது குறைந்தவையும் எடை குறைந்தவையும் கூடுதலாகத் தேறின. கருப்பிக்கு இரண்டும் பொருந்தியது.

மூளைக்குத் தகவல் இல்லை. கால்களுக்குக் கட்டளை இல்லை. ஓடும் பட்டை காலைப் பின்னால் இழுக்கிறது, இழுபட்ட கால் தண்டுவடத்திடம் சொல்கிறது, தண்டுவடம் மற்றக் காலை முன்னால் அனுப்புகிறது. கருப்பி இதற்கு நடுவில் ஈரல் துண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் நடக்கிறாளா, அவளுடைய கால்கள் நடக்கின்றனவா என்று கேட்டால் என்னால் பதில் சொல்லமுடியாது. தரையில் விட்டால் குடித்தவனின் தள்ளாட்டம், திரும்பும்போது விழுகிறாள். விழுந்ததுகூடத் தெரியாமல் முன்னங்கால்கள் இரண்டடி போய்விட்டு, பின்னால் ஏதோ வரவில்லை என்று நிற்கின்றன.

தேநீர்க்கடை அண்ணனுக்கு இந்த விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. "நடக்குதுல்ல மேடம்" என்றார்.

*

டைகரின் பச்சைக் கோடு தோளுயரம் வந்தபோது ஹார்னஸைப் பிடித்திருந்த கைக்குப் பாரம் தெரிந்தது. முன்னங்கால்களும் தளரத் தொடங்கியிருந்தன. இதற்குமேல் தண்ணீர் ஏற்றினால் அது நடை இல்லை, மிதப்பு. டாக்டரிடம் பேசினேன். சாரிடம் டாக்டர் பேசினார். பிறகு சார் என்னிடம் வந்தார், கையில் சின்ன டைரி.

"வீட்டுல என்ன செய்யணும்னு மட்டும் சொல்லும்மா."

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், இரவிலும். முழங்கை, இடுப்பெலும்பு, கணுவின் வெளிப்புறம், இந்த இடங்களில் ரோமம் உதிர்ந்து சிவக்கிறதா என்று தினமும் பார்க்கவேண்டும். தடித்த மெத்தை, அதன்மேல் ஈரம் தங்காத விரிப்பு. விரல்களிலிருந்து மேல்நோக்கித் தடவிவிடலாம். ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டவேண்டும், தடை தட்டும் இடத்தில் நிறுத்தவேண்டும். புரட்டும்போது காலைப் பிடித்து இழுக்கக்கூடாது. நெஞ்சையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்கவேண்டும். எழுதிக்கொண்டே வந்தவர், "தாங்கறதுக்கு நான் ஒருத்தன்தான்" என்றார். 34 கிலோ நாய், எழுபதைத் தாண்டிய மனிதர். போர்வையை அடியில் செருகி, போர்வையோடு புரட்டும் முறையைத் தரையில் ஒரு மூட்டையை வைத்துக் காட்டினேன். அவரும் இரண்டு முறை செய்து பார்த்தார். அவருடைய முதுகு வளைவதைப் பார்த்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து செய்யச் சொன்னேன். நாய்க்கு வந்த வேலையில் பழைய படிப்பும் உதவுகிறது.

*

குட்டியின் சிவப்புக் கோடு கணுவுக்கு வந்து, பிறகு கோடே தேவைப்படாமல் போனது. உலர்ந்த பட்டையில் நடந்தான். ரப்பர் பாயில் நடந்தான். நடை முன்புபோல இல்லை. இடுப்பு லேசாக ஆடும், அவசரமாகத் திரும்பினால் இடது பாதம் தாமதமாக வரும். கிண்ணத்தை முடிக்கிற நாயை யாரும் நெருங்கமுடியாது என்பதில் மட்டும் மாற்றம் இல்லை.

"இனிமே வரவேண்டாம்மா" என்றேன். அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மாதம் இரண்டு தடவையாவது கூட்டிவருகிறேன், விட்டுவிட்டால் திரும்ப வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது என்றார். வந்தாலும் வரலாம், வேறு டிஸ்கில். தொட்டியில் நடப்பது அதைத் தடுக்காது. சோபாவுக்குச் சாய்வுப் பலகை வைப்பது, கழுத்துப் பட்டைக்குப் பதிலாக ஹார்னஸ் போடுவது, எடையைக் கட்டுக்குள் வைப்பது, இவைதான் நம் கையில் இருப்பவை. வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை.

"படி ஏறலாமா?"

"படி மட்டும் வேண்டாம்மா. தூக்கிக்கிட்டுத்தான் போகணும். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்பக்கம், முதுகு நேரா இருக்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவுமே."

குட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். "ஒம்போது கிலோதானே" என்றார்.

"எட்டா கொறச்சா ரெண்டு பேருக்கும் நல்லது" என்றேன்.